மரியம் முகத்தைத் திருப்பிக்கொண்ட வாரம்

போன வாரம் இந்தத் தொடரை, கட்டுநாயக்காவில் விமானம் ஏறிய இடத்தில் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் பயணத்தைச் சொல்வோம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கினால் கை வேறொரு நாளுக்குப் போகிறது. சரி, அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

போலந்து நாட்டின் வடக்குக் கரையில் க்டான்ஸ்க் என்று ஒரு துறைமுக நகரம். ஐந்து மாதப் பரிமாற்ற மாணவியாக நான் அங்கே போய்ச் சேர்ந்து அன்றைக்குப் பதினெட்டாவது நாள். பல்கலைக்கழக உணவுச்சாலையில், சுடுநீர்க் குழாய் ஓடும் சுவரோரமாக ஒரு மேசை உண்டு. அந்தக் கட்டடத்திலேயே சூடான இடம் அதுதான். மதியம் ஒரு மணிக்கு அந்த மேசையைப் பிடித்து, போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து வீட்டுக்கு எடுப்பேன். இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பாலமுனையில் அப்போது அஸர் தொழுது முடிந்து, வெயில் இறங்கியிருக்கும்.

திரையில் தங்கச்சி ரிஸ்னா தெரிந்தாள். அவள் இடுப்பில் என் மகள் மரியம். இரண்டு வயதாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

“மரியம், இந்தா பாருங்க, உம்மா. உம்மாக்கு ஸலாம் சொல்லுங்க.”

மரியம் பார்த்தாள். ஆளைத் தெரியாத பார்வை இல்லை அது. நன்றாகத் தெரிந்த பார்வை. பிறகு மெதுவாக முகத்தைத் திருப்பி ரிஸ்னாவின் தோளில் புதைத்துக்கொண்டாள். ரிஸ்னா அவளை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டாள்.

“நித்திர வருது போல ராத்தா. அதான்.”

“அவ நல்லா முழிச்சித்தான் இரிக்கா ரிஸ்னா.”

மகளின் முதுகு மட்டும் திரையில் தெரிந்தது. நான் தைத்துக் கொடுத்துவிட்டு வந்த மஞ்சள் சட்டை. அதில் ஒரு பொத்தான் கழன்று தொங்கியது.

அடுத்த நாளும் இப்படித்தான். மூன்றாம் நாள் போன் அடித்த சத்தம் கேட்டதுமே மரியம் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாளாம். என் கணவர் ரிஃப்கான் அதை மறைக்கப் பார்த்தார். அவருக்குப் பொய் வராது. குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குத் திரும்புவதென்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

போகச் சொன்னவர்

எங்கள் ஊரில் கடல் கரையைத் தின்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். போன வருசம் தென்னை நின்ற இடத்தில் இந்த வருசம் அலை நிற்கும். அதனாலோ என்னவோ பல்கலைக்கழகத்தில் புவியியல் எடுத்தேன். அதிலும் கரையோர மண்ணைப் பற்றிய பாடம் பிடித்துப்போனது. இறுதி வருசத்தில்தான் அந்தப் பரிமாற்றப் படிப்புக்கான அறிவித்தல் வந்தது. மொத்தப் பீடத்துக்கும் இரண்டே இடம். கிடைக்காது என்ற தைரியத்தில் விண்ணப்பித்தேன்.

கிடைத்துவிட்டது. இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில் ரிஃப்கானிடம் சொன்னேன். அவர் அக்கரைப்பற்றில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கருத்துச் சொல்வார். அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை.

“அஞ்சு மாசந்தானே. போங்க.”

“மரியம்?”

“ரிஸ்னா இரிக்கா, உம்மா இரிக்கா. நான் எங்க போன?”

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்துவிடுவார். ஆகவே மரியம் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே, தெரிந்த ஆட்களோடுதான் இருப்பாள். ஆனால் உம்மாவுக்குச் சீனி வருத்தம், காலில் ஆறாத புண். ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் ஓட முடியாது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த இருபது வயது ரிஸ்னாவின் தலையில்தான் எல்லாம் விழும். அது தெரிந்தும் ரிஸ்னா முந்திக்கொண்டு, “நான் பாத்துக்குவன் ராத்தா” என்றாள்.

ஊர் சும்மா இருக்குமா. நான் போன பிறகு ஒரு நாள், ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் ஒருவர் ரிஃப்கானை நிறுத்திக் கேட்டாராம்: “கைக்குழந்தைய உட்டுட்டு பொஞ்சாதிய வெளிநாட்டுக்கு அனுப்பிட்டீங்களாமே?”

“ஓம். படிக்கப் போயிருக்கா. புள்ளட வாப்பா நான் வீட்டதான் இரிக்கன்.”

இதை ரிஃப்கான் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் பல மாதம் கழித்துச் சொல்லித்தான் தெரியும்.

குவைத்திலிருந்து வந்த கேஸட்

மகள் முகத்தைத் திருப்பியது ஏன் என்னை அப்படி உலுக்கியது என்று சொல்ல, இன்னும் பின்னால் போகவேண்டும்.

எனக்கு மூன்று வயதில் என் உம்மா வீட்டுவேலைக்குக் குவைத்துக்குப் போனார். வாப்பாவின் தோணி உடைந்து, தொழில் நின்றுபோன காலம். இரண்டு வருசம் என்னைப் பெரியும்மாதான் வளர்த்தார். யாராவது லீவில் வந்தால் உம்மா பேசிப் பதிந்த கேஸட் வரும். ரேடியோவைச் சுற்றி எல்லோரும் உட்காருவோம். உம்மா ஸலாம் சொல்வார், என் பெயரைச் சொல்வார், “ஸப்னா, மகள்...” அதற்கு மேல் அழுகைதான். கேட்கிறவர்களும் அழுவார்கள். எனக்கு அந்தக் கேஸட்டைக் கண்டாலே பயம். கிணற்றடிக்கு ஓடிவிடுவேன்.

உம்மா திரும்பி வந்த நாளில் பெரியும்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டேன். பல மாதம் அவரை “வந்த உம்மா” என்றுதான் சொல்லியிருக்கிறேன். இருக்கிற உம்மா பெரியும்மா. இவர் வந்த உம்மா. அதைக் கேட்கும்போதெல்லாம் உம்மா குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவாராம்.

ஆகவே மரியத்தின் அந்தப் பார்வை எனக்கு உள்ளிருந்தே தெரியும். அந்தப் பிள்ளையாக நான் இருந்திருக்கிறேன்.

படிவம்

வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கிற அலுவலகத்தில் மார்த்தா என்ற பெண்மணி இருந்தார். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடுகிற ஆள். இடையில் விலகுவதென்றால் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். ஒரு படிவத்தை எடுத்துத் தந்தார். விலகினால் அந்த அரையாண்டு போனதுதான், ஊரில் ஒரு வருசம் பிந்தித்தான் பட்டம் கிடைக்கும் என்பதையும் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் வற்புறுத்தவில்லை.

‘காரணம்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. என் மகள் என்னைப் பார்க்கமாட்டேன் என்கிறாள் என்பதை எந்த அலுவலகப் பாஷையில் எழுதுவது. ‘குடும்ப விடயம்’ என்று எழுதினேன்.

“வெள்ளிக்கிழமை வந்து கையொப்பம் வையுங்கள். அதுவரை இது என் மேசை லாச்சிக்குள் இருக்கும்” என்றார்.

அன்றைக்குத் திங்கட்கிழமை.

விடுதி அறையில் என்னோடு இருந்தவள் ஆனியா. என்னைவிட ஓர் அடி உயரம். தெற்கே எங்கோ ஒரு கிராமத்தில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே அளவுக்கு நொண்டும். அதனால் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டோம். நான் வந்த முதல் நாள், எல்லோரும் பன்றியிறைச்சி பொரிக்கிற பொதுச் சமையலறையில் சட்டியைத் தொடாமல் நின்றதைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் ஒரு புதுச் சட்டி வாங்கி, கைப்பிடியில் ஒட்டுப்பட்டி ஒட்டி, என் பெயரை எழுதி வைத்திருந்தாள். 

அன்று மாலை நான் சூட்கேஸை இழுத்து வெளியே வைத்ததும் அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மரியம், ரிஸ்னா, குவைத், கேஸட், கிணற்றடி.

அவள் கேட்டாள்: “அந்தக் கேஸட்டில் உனக்குப் பிடித்தது ஒன்றுகூட இல்லையா?”

“இல்லை.”

யன்னலுக்கு வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. பல வருசம் நினைக்காத ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது.

“ஒரு கிளி” என்றேன். “உம்மா வேலை செய்த வீட்டுக் கிளி. உம்மா அழும்போது பின்னால் அது யூசுப், யூசுப் என்று யாரையோ கூப்பிடும். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பெரியும்மாவிடம் அடம்பிடிப்பேன்.”

ஆனியா தலையாட்டினாள். “அப்படியென்றால் நீ அழுகிற முகத்தைக் காட்டாதே. கிளியை அனுப்பு.”

ட்ராம் மணி

ஆனியா சொல்லும்வரை எனக்கு அது தெரியவில்லை. அத்தனை நாளும் போனில் மரியத்தைக் கண்டதும் என் கண் நிறைந்துவிடும். சிரித்துக்கொண்டே அழுகிற ஒரு முகம் தினமும் திரையில் வந்தால் எந்தப் பிள்ளைதான் பார்க்கும்.

செவ்வாய்க்கிழமை ஆனியா வகுப்பை விட்டுவிட்டு என்னோடு வந்தாள். ட்ராம் வளைவில் திரும்பும்போது சக்கரம் கீச்சிடும், பிறகு மணி அடிக்கும். அதைப் போனில் பதிந்தோம். முடிவில் நான் சொன்னேன்: “மரியம், இது ட்ராம். ரோட்டுல ஓடுற ரெயில்.” அவ்வளவுதான். வீட்டுக்கு அனுப்பினேன். மரியத்துக்குச் சோறு தீத்தும்போது அதைப் போட்டுக் காட்டும்படி ரிஸ்னாவுக்குச் சொன்னேன்.

சாயங்காலம் ரிஸ்னா எழுதினாள்: “கேட்டுட்டு போனத் தூக்கி அதுக்குப் பின்னால என்ன இரிக்கெண்டு பாத்தா ராத்தா.”

புதன்கிழமை பனியில் நடக்கிற சத்தம். அரிசி மூட்டையை மிதிப்பது போல நறநறவென்று இருக்கும். பிறகு, மீன் சந்தைக் கூரையில் சண்டை பிடிக்கிற கடற்பறவைகள். வியாழக்கிழமை ஆனியா தன் தாய்க்குப் போன் எடுத்து ஏதோ சொன்னாள். அந்தத் தாய் நான் இன்றுவரை காணாதவர். போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், வாத்துக் கூட்டத்துக்கு நடுவில் நீட்டிப் பிடித்திருக்கிறார். அவை போட்ட கூச்சலில் ஆனியா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். அதை அப்படியே பதிந்து பாலமுனைக்கு அனுப்பினோம்.

அன்று பின்னேரம் நூலகத்தில் இருந்தபோது வீட்டிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ஏழே விநாடி. வெளியே நடைகூடத்துக்கு வந்து கேட்டேன்.

“குவா, குவா. உம்மா, இன்னம்.”

சுவரில் சாய்ந்துகொண்டு அதை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. கடந்துபோன ஒரு மாணவன் நின்று, ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை மார்த்தாவிடம் போனேன். அவர் லாச்சியைத் திறந்து படிவத்தை எடுத்து வைத்தார். நான் போனை எடுத்து அந்த ஏழு விநாடியைப் போட்டுக் காட்டினேன். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும், “இன்னொரு தடவை” என்றார். கேட்டுவிட்டுப் படிவத்தை நாலாகக் கிழித்துக் கூடைக்குள் போட்டார். பிறகு மேசையெங்கும் கண்ணாடியைத் தேடினார். தலையில் இருக்கிறது என்று நான்தான் காட்டினேன்.

அன்றைக்கு உம்மாவோடும் பேசினேன். “குவைத்து வீட்டுல ஒரு கிளி இருந்தயா உம்மா?”

“அந்தக் கிளியா? ஓம் மகள், நான்தான் அதுக்குத் தீன் வெக்கிற. என்ன விட அது நல்லா அறபு கதைக்கும்.” சொல்லிவிட்டு உம்மா சிரித்தார். குவைத்தைப் பற்றிக் கதைத்து அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

உப்பில்லாத கடல்

அதன் பிறகுதான் அந்த நகரம் என் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது.

ட்ராமின் கடைசித் தரிப்பில் இறங்கினால் கடற்கரை. முதல் தடவை போனபோது ஒரு விரலை நனைத்து வாயில் வைத்தேன். உப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தது. பால்டிக் கடலில் உப்புக் குறைவு என்று பாடத்தில் படித்ததுதான். பக்கத்து ஊர் ஒலுவிலின் துறைமுகத்தில், பிறகு மறுபடி கடலுக்குப் போன வாப்பாவின் வலையிலிருந்து தெறிக்கிற தண்ணீரின் உவர்ப்பில் வளர்ந்த நாக்குக்கு அது ஏதோ நோயாளிக்கு வைத்த கஞ்சி மாதிரி இருந்தது. மணல் மட்டும் எங்கள் மணல்போலவே. அங்கேயும் கடல் கரையைத் தின்கிறது. அங்கேயும் ஆட்கள் நின்று பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். அந்த மணலைத்தான் நான் படித்தேன். வாரத்தில் இரண்டு நாள் குளிரில் நின்று அளந்தோம்.

நோன்பு வந்தது. ஆனியா நோன்பு திறக்கிற நேரத்தைக் கடதாசியில் எழுதி அடுப்புக்கு மேல் ஒட்டிவிட்டாள். தினமும் அது இரண்டு நிமிடம் பிந்துவது அவளுக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. பீட்ரூட் சூப்பை இறைச்சி போடாமல், என் சட்டியில், எனக்காகவே காய்ச்சுவாள். பெருநாள் அன்று மரியம் புதுச் சட்டையோடு போனுக்கு முன்னால் வந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளைதான் அது.

யூன் மாதக் கடைசியில் பரீட்சை முடிந்தது. நன்றாகவே செய்திருந்தேன். ரெயில் நிலையத்தில் ஆனியா குனிந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுக்கு நன்றி சொல்லத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல் போதவில்லை. தமிழிலேயே சொல்லிவிட்டேன். ஓம் ஓம் என்று தலையாட்டினாள். அந்த ஒரு சொல்லை என்னிடமிருந்து பிடித்துவைத்திருந்தாள்.

பெரியும்மா வீட்டில் நாலு நாள்

இதையெல்லாம் எழுதுவதால் விமான நிலையத்தில் மரியம் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நடக்கவில்லை. போனில் இருக்கிற உம்மா வேறு, நேரில் நிற்கிற உம்மா வேறு. ரிஸ்னாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். ஊர் வந்து சேரும் மட்டும் வாகனத்தில் ரிஸ்னாவின் மடியில்தான் இருந்தாள்.

ஒரு வாரம் போனது. பசித்தாலும் விழுந்தாலும் ரிஸ்னாவைத் தேடி “சாச்சி”தான். நான் சோறு பிசைந்தால் தட்டிவிடுவாள். எட்டாம் நாள் காலையில் ரிஸ்னா ஒரு பையோடு வாசலில் நின்றாள்.

“எங்ககா போற?”

“பெரியும்மா வீட்ட. நாலு நாள் நிண்டுட்டு வாறன் ராத்தா.”

“இப்ப என்ன அவசரம்?”

“நான் இரிக்கிற வரைக்கும் அவ உங்ககிட்ட வரமாட்டா.”

முதல் நாள் மரியம் வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டாம் நாள் தேடினாள். மூன்றாம் நாள் மத்தியானம், நான் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். ஈரக் கையைத் துடைக்காமலே குனிந்தேன். “தண்ணி” என்றாள். கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தந்தாள். பிறகு அங்கேயே, என் காலில் சாய்ந்தபடி, தரையில் உட்கார்ந்துகொண்டாள். துவைத்த உடுப்பையே திரும்பவும் துவைத்துக்கொண்டிருந்தேன், எழும்ப மனமில்லாமல்.

அலுமாரியில் இருந்த கடிதம்

இரண்டு மாதம் கழித்து மரியத்தின் கிளினிக் கொப்பியைத் தேடி ரிஸ்னாவின் அலுமாரியைத் திறந்தேன். சட்டைகளுக்கு அடியில் ஒரு நீளக் கடித உறை. மலைநாட்டில் உள்ள ஒரு கல்வியியற் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிக்கு ரிஸ்னாவைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். குறிப்பிட்ட நாளில் வந்து சேரவேண்டும். அந்த நாள், நான் க்டான்ஸ்கில் படிவம் எழுதிக்கொண்டிருந்த அதே மாதத்தில்.

கடிதத்தோடு போய்க் குசினி வாசலில் நின்றேன். ரிஸ்னா மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

“இத ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல?”

திரும்பிப் பார்த்தாள். கத்தி நின்றது.

“சொன்னா நீங்க திரும்பி வந்திருப்பீங்க.”

“ரிஸ்னா.”

“அடுத்த முறையும் விண்ணப்பம் கேப்பாங்கதானே ராத்தா. அழாதீங்க, மீன் பழுதாகப்போகுது.”

அடுத்த முறை கேட்பார்கள்தான். கிடைக்கும் என்று யார் சொன்னது. அந்த வருசம் எனக்குப் பட்டம் கிடைத்த சந்தோசத்தை நான் பாதிதான் அனுபவித்தேன். புது விண்ணப்பம் கோரியபோது நானே நிரப்பினேன். நேர்முகத் தேர்வுக்கு ரிஃப்கான் கடையைப் பூட்டிவிட்டுக் கூட்டிப்போனார். உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டார். அல்ஹம்துலில்லாஹ், கிடைத்தது.

அவள் புறப்பட்ட காலையில் எல்லோரும் அக்கரைப்பற்று பஸ் தரிப்பில் நின்றோம். நெல் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. மரியத்துக்கு அப்போது மூன்றரை வயது. சாச்சி எங்கேயோ போகிறாள் என்பது பஸ் வந்து நிற்கும்வரை அவளுக்கு விளங்கவில்லை. ரிஸ்னா ஏறி யன்னலோரம் உட்கார்ந்ததும்தான் விளங்கியது.

என் கையிலிருந்து திமிறினாள். “சாச்சி, சாச்சி” என்று தரிப்பே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். பெற்ற என் தோளில் அடித்தாள்.

“ராத்தா, அவவ அங்கால கூட்டிக்கொண்டு போங்க” என்று யன்னலுக்குள்ளிருந்து ரிஸ்னா சொன்னாள். அவள் முகமும் சரியாக இல்லை.

நான் போகவில்லை. மகளை இன்னும் உயரத்தில், ரிஸ்னாவுக்கு நன்றாகத் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன். தன் இரண்டாவது தாய்க்காக என் பிள்ளை அழுவதை அவள் பார்த்துக்கொண்டே போகட்டும் என்று நினைத்தேன். பஸ் வளைவில் திரும்பும்வரை என் கை நோகவில்லை.